ஹதீர் உச்சியில் மூன்று பேர்!

தள்ளுவதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"முரா...!"

பெயரை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் லுத்ஃபி விளிம்பில் இல்லை. அலறல் மட்டும் கொஞ்சம் மிச்சம் நின்றது. அப்புறம் அதுவும் இல்லை.

முராத் நீட்டிய கைகளை மெதுவாக மடக்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டரை. எகிப்தின் தெற்கு சினாயில், ஹதீர் மலையின் உச்சி. சுற்றிலும் சிவப்புப் பாறை. அதற்குப் பின்னால் பாறை. அதற்கும் பின்னால் பாறை. விடிந்ததும் கிளம்பி, ஐந்து மணி நேரம் நாக்குத் தள்ள ஏறி வந்தது... இந்த ஒரு நொடிக்காகத்தான்!

எட்டிப் பார்த்தான்.

பாறை தொப்பை தள்ளிக்கொண்டு நின்றது. தொப்பைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அதையும் தாண்டி, எங்கோ அடியில், மணல் ஓடை ஒரு நூல் மாதிரி கிடந்தது.

இதில் விழுந்தவன் பிழைக்க மாட்டான்.

ஆனால் ஒரே ஒரு விஷயம் உறுத்தியது.

விழுந்த சத்தம் கேட்கவில்லையே!

'காத்து அந்தப் பக்கமா அடிக்குது... அதான்...'

தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, முராத் தன் நடிப்பை ஆரம்பித்தான்.

"ஐயோ! லுத்ஃபி! ஷாஹிந்தா... ஓடி வா! லுத்ஃபி விழுந்துட்டான்!"

பாறை நிழலில் காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்த ஷாஹிந்தா வெறுங்காலோடு ஓடி வந்தாள்.

முராத்தின் மனைவி. லுத்ஃபியின் கூடப்பிறந்த தங்கை!

"எங்க? அண்ணன் எங்க?"

"ஃபோட்டோ எடுக்கறேன்னு ஃபோனை நீட்டிக்கிட்டே பின்னாடி போனான்... 'டேய் பாத்து'ன்னு கத்தினேன்... அதுக்குள்ள..."

அவள் விளிம்பை நோக்கிப் பாய்ந்தாள். அவன் இடுப்போடு பிடித்து இழுத்தான். அவள் அவன் மார்பில் குத்தினாள். கத்தினாள். அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் கையில் கரி பிடித்த தேநீர்க் கெட்டிலோடு, கீழ்ப் பக்கத்துப் பாறை மேல் ஒரு தலை எழும்பியது.

சப்ஹா.

மலைக்கு வழிகாட்டும் பெண். பாலைவன நாடோடிகளான பதூ இனத்தவள். நாற்பத்தைந்து வயது. கறுப்பு அங்கி, முகத்தில் பாதியை மறைத்த துணி, காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. அவள் குலத்தில் வெளியாட்களை மலையேற்றும் முதல் பெண் அவள்தான். நேற்று முகாமில் மூன்று ஆண் வழிகாட்டிகள் இருந்தும், முராத் அவளைத்தான் கேட்டு வாங்கினான்.

பள்ளிக்கூடமே போகாத பொம்பளை. விபத்து என்றால் விபத்து என்று சொல்லிவிட்டுப் போவாள் என்று கணக்குப் போட்டிருந்தான்.

சப்ஹா அழவில்லை. கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"எங்க நின்னாரு?"

"இங்கதான்."

"நீங்க?"

"நான்... அங்க. தள்ளி."

சப்ஹா குனிந்து தரையைப் பார்த்தாள். பாறைமேல் மெல்லிசாகப் படிந்திருந்த மணலை. அதிகமாக ஒன்றும் பார்க்கவில்லை. இரண்டு மூச்சு நேரம்தான்.

"ம்..." என்றாள்.

அந்த 'ம்' முராத்துக்குப் பிடிக்கவில்லை.

"என்ன 'ம்'? ஏதாவது பண்ணு!"

"கிழக்கால ஆடு போற தடம் ஒண்ணு இருக்கு. போய்ப் பாத்துட்டு வரேன். நீங்க ரெண்டு பேரும் இந்த இடத்தை விட்டு அசையாதீங்க. அசைஞ்சா உங்களையும் நான் தேட வேண்டியிருக்கும்!"

தன் பையையும் தண்ணீர்த் தோல்பையையும் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

அங்கியெல்லாம் புழுதி. முழங்கையில் சிராய்ப்பு.

ஷாஹிந்தா ஓடினாள். "அக்கா! பாத்தீங்களா? அண்ணன்...?"

சப்ஹா அவள் தலையில் கை வைத்தாள்.

"தூக்கணும்னா ஆளுங்க வேணும் தங்கச்சி. நான் ஒருத்தி பத்தாது. அல்லாஹ் பெரியவன்."

ஷாஹிந்தா வாய்விட்டு அழுதாள்.

முராத்துக்கு உள்ளே ஏதோ இறங்கி உட்கார்ந்தது. அப்பாடா! முடிந்தது!

"சரி... கிளம்பலாம். கீழ போய் போலீசுக்குச் சொல்லணும்" என்றான் தழுதழுத்த குரலில்.

ஹதீர் உச்சிக்கு மனிதர்கள் ஏறி இறங்க ஒரே இடம்தான். இரண்டு பாறைகளுக்கு நடுவே செங்குத்தான ஒரு வெடிப்பு. மூன்று ஆள் உயரம், கண்ணாடி மாதிரி வழவழப்பு. அடியில் கூர்கூராகக் கற்கள். மேலே ஒரு பாறைக் கொம்பில் கட்டித் தொங்கவிட்ட முடிச்சுக் கயிறு. காலையில் அதைப் பிடித்துத்தான் நான்கு பேரும் ஏறினார்கள்.

முராத் வெடிப்பின் வாயில் வந்து நின்றான்.

கொம்பு இருந்தது.

கயிறு இல்லை!

"ஏய்! கயிறு எங்க?"

சப்ஹா எட்டிப் பார்த்தாள். "காணோம்."

"காணோம்னா? இது என்ன துவைச்சுக் காயப்போட்ட துணியா, காத்துல பறந்து போக?"

"இருந்துச்சு. இப்ப இல்ல. என்னைக் கேட்டா?"

"மலையில நாம மூணு பேர்தான் இருக்கோம்!"

சொல்லி முடித்த பிறகுதான் முராத்துக்கு அந்த வாக்கியம் காதில் விழுந்தது.

மூன்று பேர்... மட்டும்தானா?

விழுந்த சத்தம் கேட்கவில்லையே!

முராத் விளிம்புப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

"வேற வழி?" என்றான்.

"இருக்கு. ஆடுங்களுக்கு."

"நக்கலா?"

"நிஜம் இன்ஜினியர் பாஷா. ஒரு சாண் அகலம். இந்த பூட்ஸைப் போட்டுக்கிட்டு நீங்க போனா, இங்கேருந்து கீழ வரைக்கும் ஒரே எட்டுதான்!" நகரத்திலிருந்து வரும் ஆண்கள் எல்லோரும் அவளுக்குப் 'பாஷா'தான், 'ஐயா' என்பது போல.

ஃபோனை எடுத்தான். சிக்னல் இல்லை. வடக்கே பத்து அடி போனான். இல்லை. பாறைமேல் ஏறிக் கையை உயர்த்தினான். இல்லை.

வானம் இவ்வளவு பெரிதாக இருந்தது. ஆனால் நாலு பக்கமும் கதவைச் சாத்தியது போல அவனுக்கு மூச்சு முட்டியது.

"எங்க அண்ணன் ஔதா ஒட்டகங்களோட அடிவாரத்துல இருக்காரு" என்றாள் சப்ஹா. "புகை போட்டா பாப்பாரு. காஞ்ச செடி பொறுக்கிட்டு வாங்க. ரெண்டு குவியல்."

"ஒண்ணு போதாதா?"

"போதாது. ரெண்டு."

கெய்ரோவில் ஒரு டீயைக்கூடத் தானே எடுத்துக் குடிக்காத முராத், முள்ளில் கை கிழிய செடி பொறுக்கினான். இரண்டு புகை எழுந்தது. பக்கத்துப் பக்கத்தில், நீலமாய், நெடுநெடுவென்று.

மணி இரண்டு.

"தண்ணி குடு" என்றான்.

சப்ஹா அரை பாட்டிலை நீட்டினாள். "ஷாஹிந்தாவுக்கு முதல்ல. உங்களுக்கு ரெண்டு மடக்கு."

"காலையில ஒரு தோல்பை நிறைய வெச்சிருந்தியே?"

"தீந்துருச்சு."

"ஒரு மணி நேரத்துலயா? ஒட்டகமா நீ?"

அவள் தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு, லுத்ஃபி விழுந்த கிழக்கு விளிம்புக்கும் அவனுக்கும் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அங்கேயே உட்கார்ந்திருந்தாள்!

வெயில் உச்சந்தலையில் ஆணி அடித்தது. நிழல் ஒரு ஆள் படுக்கும் அளவுக்குத்தான் இருந்தது. அதில் ஷாஹிந்தா முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். முராத் வெடிப்புக்கும் விளிம்புக்கும் நடந்தான். முப்பது அடி போக, முப்பது அடி வர. கூண்டுக்குள் விட்ட ஓநாய் மாதிரி.

யார் கயிற்றை எடுத்திருக்க முடியும்?

லுத்ஃபி உயிரோடு இருந்தால்... இறங்கிப் போயிருந்தால்... இப்போது கீழே யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால்...

"முராத்."

ஷாஹிந்தாவின் குரல். அழுகை நின்றிருந்தது. அதுதான் அவனைத் திடுக்கிட வைத்தது.

"என்ன கண்ணு?"

"அண்ணன் ஃபோட்டோ எடுக்கும்போது விழுந்தான்னு சொன்னே."

"ஆமா."

"எந்த ஃபோன்ல?"

"அவன் ஃபோன்லதான்! வேற எதுல?"

ஷாஹிந்தா தன் பைக்குள் கை விட்டாள். வெளியே எடுத்தாள்.

கறுப்பு உறை போட்ட ஃபோன். லுத்ஃபியின் ஃபோன்!

"சார்ஜ் இல்லைன்னு காலையில என்கிட்ட குடுத்தான். பவர் பேங்க்ல போட்டு வெச்சேன். இப்ப சிக்னல் இருக்கான்னு பாக்க எடுத்தேன்..." அவள் ஃபோனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "என் பையிலதான் இருக்கு முராத்... எதை நீட்டிக்கிட்டு அவன் பின்னாடி போனான்?"

முராத் ஃபோனிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"நான்... சரியா பாக்கல... ஃபோன் மாதிரி இருந்துச்சு..."

"நேத்து முகாம்ல அண்ணன் என்கிட்ட எல்லாத்தையும் சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"அலெக்ஸாண்ட்ரியா பில்டிங்."

இரண்டே வார்த்தை. முராத்துக்குக் காலடியில் மலையே ஒரு சுற்று சுற்றியது.

ஆறு மாடி. போன ரமலானில், நோன்பு திறக்கும் நேரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பதினொரு பேர் பலி. அதில் நான்கு குழந்தைகள். கட்டியது முராத்தும் லுத்ஃபியும் சேர்ந்து நடத்திய கம்பெனி. பழி போனது இடிபாட்டுக்குள்ளேயே செத்துப்போன மேஸ்திரியின் தலையில்.

"சிமென்ட் பரிசோதனைத் தாள் அவன்கிட்ட சிக்கிருச்சு. தேறாத சிமென்ட்டுன்னு தெரிஞ்சே நீ ஊத்தச் சொல்லியிருக்கே. அவன் படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டான். 'நானும் ஜெயிலுக்குப் போறேன் ஷாஹி, ஆனா செத்தவன் தலையில போட்டுட்டுத் தூங்க முடியல'ன்னு அழுதான். ஞாயித்துக்கிழமை அரசு வக்கீல்கிட்ட போறதா இருந்தான். உன்கிட்ட இங்க, இந்த மலை மேல வெச்சு இன்னொரு தடவை பேசிப் பாக்கறேன்னான். 'முராத் நல்லவன், புரிஞ்சுப்பான்'னான்!"

"ஷாஹிந்தா... மெதுவா பேசு..."

"தள்ளினியா?"

"என்ன பேசறே நீ!"

"எங்க அண்ணனைத் தள்ளினியா முராத்?"

அவள் எழுந்து நின்றாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். இறுக்கமாக. அவன் கண் ஒரு கணம் அவளைத் தாண்டிப் போனது. மேற்கு விளிம்பு... ஏழு அடி தூரம்.

ஒருத்தன் விழுந்தால் விபத்து. துக்கம் தாங்காமல் தங்கையும் குதித்தால்...?

"அவ கையை விடு."

சப்ஹா எழுந்திருந்தாள். இவ்வளவு நேரமும் இருந்த 'நீங்க' போய்விட்டது!

முராத் குனிந்து ஒரு கல்லை எடுத்தான். தேங்காய் அளவுக்கு.

"நீ இதுல தலையிடாதே. உனக்கு இரட்டிப்புக் கூலி தரேன். மூணு மடங்கு தரேன்!"

"அந்தக் கல்லால என் மண்டையை உடைக்கலாம். தாராளமா உடை. அப்புறம் உன்னை இந்த மலையை விட்டு இறக்கிவிட யாரு இருக்கா?"

கல் கையிலேயே நின்றது.

அடிக்கவும் முடியவில்லை. போடவும் முடியவில்லை.

உண்மைதான். இவள் இல்லாவிட்டால் அவன் இந்த உச்சியிலேயே வற்றல் ஆகவேண்டியதுதான்!

தாகம் தொண்டையை அறுத்தது. கயிறு இல்லை. சிக்னல் இல்லை. மனைவி அவனை ஒரு பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணி நேரமாக உள்ளே முறுக்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று பட்டென்று அறுந்தது.

"ஆமா! தள்ளினேன்!"

எதிர்ப் பாறை அதைத் திருப்பிச் சொன்னது. தள்ளினேன்... தள்ளினேன்...

"என்ன செய்யச் சொல்றே? செத்தவங்க செத்துட்டாங்க! அவன் போய்ப் பேசினா பதினொரு பேரும் எழுந்து வந்துடுவாங்களா? உனக்காகத்தான் செஞ்சேன் ஷாஹிந்தா. நம்ம வீட்டுக்காக! அவன்கிட்ட கெஞ்சினேன். அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுன்னேன். மாட்டேன்னான். இப்ப அவன் இல்ல. உன் வாயை நீ மூடினா எல்லாம் முடிஞ்சுது. இவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இவ பேச்சை எந்தக் கோர்ட் கேக்கும்? சாட்சின்னு வேற யாரு இருக்கா? சொல்லு! யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்."

குரல் ஷாஹிந்தாவுடையது அல்ல.

சப்ஹாவுடையதும் அல்ல.

கிழக்கு விளிம்புக்கு அடியிலிருந்து வந்தது. ஈனமாய், பல்லைக் கடித்துக்கொண்டு பேசும் ஆண் குரல்.

"எல்லாத்தையும் கேட்டேன் முராத்... ஒரு வார்த்தை விடாம..."

கல் முராத்தின் கையிலிருந்து நழுவி அவன் கால் விரல்மேலேயே விழுந்தது. அவனுக்கு வலிக்கவே இல்லை!

"அண்ணா...!"

விளிம்புக்கு ஓடிய ஷாஹிந்தாவைச் சப்ஹா இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்தாள்.

"மெதுவா தங்கச்சி, மெதுவா! உசுரோடதான் இருக்காரு. அந்தத் தொப்பைப் பாறைக்கு அடியில காட்டாடு படுக்கற திட்டு ஒண்ணு இருக்கு. அதுல விழுந்திருக்காரு. தொடை எலும்பு போச்சு. நான் போறப்ப பாதி உடம்பு திட்டுக்கு வெளியில தொங்கிக்கிட்டிருந்துச்சு. தூக்க என்னால ஆகல. அதான் உங்க கண்ணுல படாம பாறை மறைவுல ஏறி வந்து, கயிறை அவுத்துட்டுப் போய்ப் பாறையோட சேத்துக் கட்டிட்டேன். தண்ணியும் அவர்கிட்டதான் இருக்கு."

"ஏன் அக்கா... ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா உன் மூஞ்சி காட்டிக் குடுத்துரும். அப்புறம் உன் புருஷன் விளிம்புல வந்து நின்னு ஒரே ஒரு கல்லைத் தள்ளிவிட்டா போதுமே! 'துணியைக் கடிச்சுக்கிட்டு மூச்சுக் காட்டாம கிடங்க பாஷா'ன்னு சொல்லிட்டு வந்தேன்... கிடந்தாரு. இப்ப பொறுக்க முடியல போல."

முராத் பின்னால் நகர்ந்தான். ஒரு அடி. இன்னொரு அடி.

"உனக்கு... உனக்கு எப்படித் தெரியும் நான் தள்ளினேன்னு?"

"மணல் சொல்லுச்சு. வழுக்கி விழறவன் காலைத் தேச்சுட்டு விழுவான். அவர் தடம் தேயல. நீ நின்ன தடம் அதுக்கு ஒரு கை தூரத்துல, முன்விரலை ஊனி அழுந்தியிருந்துச்சு. பத்து வயசுலேருந்து தொலைஞ்ச ஆட்டைத் தடம் பாத்துக் கண்டுபிடிக்கறவ நான். எழுதத்தான் தெரியாது... படிக்கத் தெரியும்!"

அடிவாரப் பக்கமிருந்து ஒரு சீழ்க்கை கேட்டது. நீளமாக. அதற்குப் பின்னால் இரண்டு மூன்று ஆண் குரல்கள்.

சப்ஹா இரண்டு விரலை வாயில் வைத்துப் பதில் சீழ்க்கை அடித்தாள்.

"ஔதா வந்துட்டாரு. கூட ஆளுங்களும். உங்களுக்குத்தான் அஞ்சு மணி நேரம், ஆட்டுத் தடத்துல எங்களுக்கு ஒண்ணரை. ஒத்தைப் புகைன்னா 'வழி தவறிட்டோம்.' ரெட்டைப் புகைன்னா 'அடிபட்ட ஆள் இருக்கு, கட்டிலும் கயிறும் கொண்டு வா, போலீசுக்கும் சொல்லு.' ரெண்டாவது குவியலுக்கு நல்லாவே செடி பொறுக்கினே!"

முராத் ஓடினான்.

யோசிக்கவில்லை. வெடிப்பின் வாயில் உட்கார்ந்தான். திரும்பினான். கால்களை உள்ளே விட்டான்.

"வேணாம்! அதுல கயிறு இல்லாம எறங்கினவன் எவனும் இல்ல!" என்று சப்ஹா கத்தினாள்.

அவன் காதில் வாங்கவில்லை. முதுகை ஒரு சுவரிலும் முழங்காலை எதிர்ச் சுவரிலும் முட்டுக்கொடுத்து நழுவினான். சட்டை கிழிந்தது. முதுகுத் தோல் உரிந்தது. பாதி தூரம் இறங்கியதும் ஒரு கால் வழுக்கியது. சர்ரென்று சரிந்தான். ஒரு செங்கல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த பாறை விளிம்பில் பூட்ஸ் இடித்து நின்றது.

அவ்வளவுதான்.

மேலே கை எட்டவில்லை. கீழே கால் எட்டவில்லை. முகம் பாறையோடு அப்பிக்கிடந்தது. திரும்பக்கூட முடியவில்லை!

அவன் தலைக்கு மேலே வேலை நடந்தது. ஔதாவும் ஆட்களும் ஆட்டுத் தடத்தில் வெறுங்காலோடு ஓடி வந்தார்கள். கயிறு போட்டார்கள். "மெல்ல... மெல்ல... காலைப் பிடி!" என்ற சத்தம். லுத்ஃபியின் ஓலம். ஷாஹிந்தா அழுதுகொண்டே சிரிக்கும் சத்தம்.

அரை மணி நேரம். ஒரு மணி நேரம். முராத்தின் கெண்டைக்கால்கள் தையல் மெஷின் மாதிரி ஆட ஆரம்பித்தன.

"யாராவது... கயிறு போடுங்க! ஷாஹிந்தா...!"



மேலே, துணிக் கட்டிலில் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள் லுத்ஃபியை. ஷாஹிந்தா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு சப்ஹாவைப் பார்த்தாள்.

"அந்த ஆட்டுத் தடத்துல நீங்க எப்பவோ இறங்கிப் போயிருக்கலாமே அக்கா?"

"போயிருக்கலாம். உங்க ரெண்டு பேரையும் அந்த ஆள்கிட்ட விட்டுட்டா?" சப்ஹா கெட்டிலில் மிச்சமிருந்த ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள். "மூணு பேரைக் கூட்டிட்டு வந்தேன். மூணு பேரோடதான் திரும்பணும்."

லுத்ஃபி கண்ணைத் திறந்தான். "ஷாஹி... ஞாயித்துக்கிழமை..."

"கட்டிலோட தூக்கிட்டுப் போறேன். நீ பேசாம படு!"

மாலை வெயில் உச்சியைச் செம்பாக்கிக்கொண்டிருந்தபோது, தூரத்தில் மணல் ஓடையில் போலீஸ் ஜீப் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வருவது தெரிந்தது.

வெடிப்புக்குள்ளிருந்து முராத்தின் குரல் கீச்சென்று எழுந்தது.

"சப்ஹா! முதல்ல என்னைத் தூக்கு! சத்தியமா சொல்றேன்... இந்தப் பாறை ஆடுது! இடிஞ்சு விழுந்துடும் போல இருக்கு!"

சப்ஹா வெடிப்பின் வாயில் குந்தி உட்கார்ந்து, குனிந்து அவனைப் பார்த்தாள். முகத்துணிக்கு மேலே அவள் கண்கள் சிரித்தன.

"பயப்படாதீங்க இன்ஜினியர் பாஷா... இது நீங்க கட்டினது இல்ல. இடியாது!"